உடற்பயிற்சியும் உடற்கல்வியும்: பாஸ்டன் மாநாடும் (1889) ஓர் ஆசிரியப் பணியின் உருவாக்கமும்

முன்னுரை

தமிழகப் பள்ளிகளில் விளையாட்டுத் திடலுக்குப் பொறுப்பான ஆசிரியரைக் குறிக்கப் பல பெயர்கள் வழங்கி வருகின்றன. மூத்த தலைமுறையினர் அவரை ‘டிரில் மாஸ்டர்’ என்றனர். ‘பிசிக்கல் டிரெயினிங்’ என்பதன் சுருக்கமாகப் ‘பி.டி. மாஸ்டர்’ என்னும் வழக்கும் பரவியது. கல்வித்துறை ஆவணங்கள் ‘உடற்கல்வி ஆசிரியர்’ என்றும் ‘உடற்கல்வி இயக்குநர்’ என்றும் குறிக்கின்றன. ஒரே பணிக்கு இத்தனை பெயர்கள் அமைந்திருப்பதை வெறும் பேச்சு வழக்கின் வேறுபாடாகக் கொள்ள இயலாது. கட்டளைக்கு ஏற்ப உடல் அசைவது டிரில். உடலைப் பழக்குவது பயிற்சி. உடலின் வழியே மாணவரின் முழு ஆளுமையையும் வளர்ப்பது கல்வி. இம்மூன்றும் மூன்று வேறு கொள்கைகளாகும்.

இக்கொள்கைகள் ஒன்றோடொன்று நேருக்கு நேர் மோதிய களம் ஒன்று வரலாற்றில் உண்டு. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 1889ஆம் ஆண்டு நடைபெற்ற உடற்பயிற்சி மாநாடே அது. அம்மாநாட்டின் பின்னணி, அங்கு நிகழ்ந்த விவாதம், அதன் பின்விளைவுகள் ஆகியவற்றை ஆராய்வதும், ஆசிரியர் மாநாடு என்னும் அமைப்பு ஒரு பணியை எவ்வாறு தொழிலாக உருவாக்கியது என்பதைக் காண்பதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மருத்துவர்கள் கூடிய முதற்கூட்டம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் அமெரிக்கக் கல்லூரிகளில் மாணவர் உடல்நலம் கவலைக்குரிய செய்தியாக இருந்தது. இதற்கு விடை காணும் முயற்சியாக ஆம்ஹெர்ஸ்ட் கல்லூரி 1861இல் எட்வர்டு ஹிட்ச்காக் என்னும் மருத்துவரைச் சுகாதாரம், உடற்கல்வி ஆகியவற்றின் பேராசிரியராக அமர்த்தியது. அவர் மாணவர்களின் உயரம், எடை, மார்புச் சுற்றளவு முதலியவற்றை முறையாக அளந்து பதிவு செய்தார். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1879 முதல் பணியாற்றிய டட்லி ஆலன் சார்ஜண்ட் என்பவரும் மருத்துவப் பட்டம் பெற்றவரே. ஒவ்வொரு மாணவரின் உடலையும் அளந்து, அவரவர் குறைக்கு ஏற்ற பயிற்சியை வகுப்பது அவரது முறையாகும்.

இத்தகையோரை ஒருங்கிணைக்க முனைந்தவர் வில்லியம் கில்பர்ட் ஆண்டர்சன். நியூயார்க்கை அடுத்த புரூக்ளினில், அடெல்பி அகாதமியின் பயிற்சிக்கூடத்திற்குப் பொறுப்பாளராக இருந்த அவருக்கு அப்போது வயது 25. அவர் விடுத்த அழைப்பை ஏற்று 1885ஆம் ஆண்டு நவம்பர் 27ஆம் நாள் சுமார் 60 பேர் கூடினர். உடற்கல்வி மேம்பாட்டுக்கான சங்கம் அன்று தோன்றியது. ஹிட்ச்காக் அதன் முதல் தலைவரானார். ஆண்டர்சன் செயலர் பொறுப்பை ஏற்றார்.

இங்கு இரு செய்திகள் கருதத்தக்கவை. ஒன்று, சங்கத்தை முன்னின்று நடத்திய ஹிட்ச்காக், சார்ஜண்ட், ஆண்டர்சன் ஆகிய மூவரும் மருத்துவம் பயின்றவர்கள். உடலைப் பற்றிப் பேசும் உரிமை அன்று மருத்துவருக்கே உரியதாகக் கருதப்பட்டது. மற்றொன்று, சங்கத்தின் பெயரில் ‘கல்வி’ என்னும் சொல் இடம்பெற்றது. செயல்பட்டவர்கள் மருத்துவர்களாக இருந்தும், தாங்கள் செய்வது கல்விப்பணி என்றே அவர்கள் அறிவித்துக் கொண்டனர். அப்பெயருக்குரிய ஆசிரியர் கூட்டம் பின்னரே உருவாக வேண்டியிருந்தது.

பாஸ்டன் மாநாட்டின் பின்னணி

பாஸ்டன் மாநாட்டிற்கு வித்திட்டவர்கள் இரு பெண்கள். ஒருவர் மேரி ஹெமன்வே என்னும் செல்வந்தர். கல்விப்பணிகளுக்குப் பெரும்பொருள் வழங்கியவர். மற்றவர் அவருடைய பணிகளுக்குத் துணைநின்ற ஏமி மோரிஸ் ஹோமன்ஸ். சுவீடன் நாட்டிலிருந்து பாஸ்டனுக்கு வந்திருந்த நீல்ஸ் போஸே என்பவரைக் கொண்டு, நகரின் பள்ளி ஆசிரியைகளுக்குச் சுவீடன் முறை உடற்பயிற்சியைக் கற்பிக்க ஹெமன்வே 1888இல் ஏற்பாடு செய்தார். இம்முறையை வகுத்தவர் பேர் ஹென்ரிக் லிங் (1776-1839). அவர் ஒரு கவிஞர் என்பதும் சுவீடன் இலக்கியக் கழகத்தின் உறுப்பினராக விளங்கியவர் என்பதும் இலக்கிய ஆய்வாளர்க்குச் சுவையளிக்கும் செய்திகளாகும்.

சுவீடன் முறை பாஸ்டன் பள்ளிகளுக்குப் பொருந்துமா என்னும் வினாவைப் பொதுமன்றத்தில் வைக்க ஹெமன்வேயும் ஹோமன்ஸும் விரும்பினர். மாநாடு 1889 நவம்பர் 29, 30 ஆகிய நாள்களில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஹண்டிங்டன் அரங்கில் நடைபெற்றது. அமெரிக்கக் கல்வி ஆணையர் வில்லியம் டோரி ஹாரிஸ் தலைமை தாங்கினார். கல்லூரித் தலைவர்கள், மருத்துவர்கள், பள்ளி ஆசிரியர்கள், பொதுமக்கள் என 2000க்கும் மேற்பட்டோர் வந்திருந்தனர். நான்கு ஆண்டுகளுக்கு முன் புரூக்ளினில் கூடிய எண்ணிக்கையோடு இதனை ஒப்பிட்டால் மாற்றத்தின் அளவு விளங்கும்.

முறைகளின் மோதல்

எட்வர்டு ஹார்ட்வெல் முதலில் உரையாற்றி, உடற்பயிற்சியின் இயல்பையும் பல்வேறு முறைகளையும் அறிமுகப்படுத்தினார். ஜெர்மானிய முறையின் சார்பில் ஹென்ரிச் மெட்ஸ்னர் பேசினார். ஃபிரடரிக் லுட்விக் யான் என்பவர் 1811இல் பெர்லினில் தொடங்கிய இம்முறை, கம்பிகள் முதலிய கருவிகளைப் பெரிதும் சார்ந்தது. 1848க்குப் பின் அமெரிக்காவில் குடியேறிய ஜெர்மானியர்கள் தம் சங்கங்களின் வழி அதனைப் பரப்பியிருந்தனர்.

சுவீடன் முறையை நீல்ஸ் போஸே விளக்கினார். எளியதிலிருந்து கடினமானதற்கு ஒழுங்காக முன்னேறுதல், ஆசிரியரின் கட்டளைக்கு ஏற்ப இயங்குதல், இசையைத் தவிர்த்தல் ஆகியன அதன் கூறுகள். வகுப்பறையின் இருக்கைகளுக்கு இடையிலேயே ஒரே நேரத்தில் பல மாணவர்க்குக் கற்பிக்கலாம் என்பது அதன் நடைமுறைப் பயனாகும். பிரான்சிலிருந்து வந்திருந்த பியர் த கூபர்த்தென், ஆங்கிலப் பள்ளிகளில் நிலவிய விளையாட்டுகளின் சிறப்பை எடுத்துரைத்தார். இவரே 1894இல் பன்னாட்டு ஒலிம்பிக் குழு தோன்றக் காரணமாக இருந்தவர்.

சார்ஜண்ட் எந்த ஒரு முறையையும் முழுமையாக ஏற்கவில்லை. ஜெர்மானிய முறையின் வலிமை, ஆங்கில விளையாட்டின் ஊக்கம், பிரெஞ்சுப் பயிற்சியின் நயம், சுவீடன் முறையின் துல்லியம் ஆகியவற்றை இணைத்து அமெரிக்கச் சூழலுக்கு ஏற்ப அமைத்துக் கொள்ள வேண்டும் என்பது அவர் கருத்து. இங்கு ஒரு குடும்பச் செய்தியும் நோக்கத்தக்கது. சார்ஜண்ட் பணிபுரிந்த ஹார்வர்டு பயிற்சிக்கூடத்தைக் கட்டிக் கொடுத்தவர் அகஸ்டஸ் ஹெமன்வே. அவர் மேரி ஹெமன்வேயின் மகன். தாய் ஆதரித்த முறையும் மகன் கட்டிய கூடத்தில் வளர்ந்த முறையும் ஒரே மேடையில் எதிரெதிராக நின்றன.

மாநாட்டு உரைகளையும் விவாதங்களையும் இசபெல் பாரோஸ் தொகுத்து 1890இல் நூலாக வெளியிட்டார். கண் மருத்துவம் பயின்றவரும் சுருக்கெழுத்து வல்லுநருமான அவரது தொகுப்பு, கட்டுரைகளோடு எதிர்வாதங்களையும் காத்துத் தந்துள்ளது. மாநாட்டு மலர் என்னும் ஆவண வகையின் பயனுக்கு இது நல்ல சான்றாகும்.

முடிவும் அதன் மறுதலையும்

மாநாட்டைத் தொடர்ந்து 1890இல் பாஸ்டன் பள்ளிகள் சுவீடன் முறையை ஏற்றன. அந்நகரப் பள்ளிகளின் உடற்பயிற்சி இயக்குநராக ஹார்ட்வெல் அமர்த்தப்பட்டார். ஹெமன்வேயின் பொருளுதவியுடன் 1889இல் தொடங்கிய பாஸ்டன் ஜிம்னாஸ்டிக்ஸ் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியை ஹோமன்ஸ் நடத்தினார். அப்பள்ளி 1909இல் வெல்லெஸ்லி கல்லூரியோடு இணைந்தது. வெளித்தோற்றத்தில் சுவீடன் முறை வென்றது எனலாம்.

எனினும் அவ்வெற்றி நீடிக்கவில்லை. 1891இல் ஸ்பிரிங்ஃபீல்டு ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் ஜேம்ஸ் நைஸ்மித் கூடைப்பந்தை உருவாக்கினார். 1895இல் ஹோலியோக் நகரில் வில்லியம் மார்கன் மற்றொரு பந்தாட்டத்தை அமைத்து அதற்கு ‘மின்டோனெட்’ எனப் பெயரிட்டார். அடுத்த ஆண்டு ஸ்பிரிங்ஃபீல்டில் நடந்த ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சி இயக்குநர்களின் மாநாட்டில் அவ்வாட்டம் ஆடிக் காட்டப்பட்டது. அதனைக் கண்ட ஆல்ஃபிரட் ஹால்ஸ்டெட் ‘வாலிபால்’ என்னும் பெயரை முன்மொழிந்தார். நாம் கைப்பந்து என வழங்கும் ஆட்டத்தின் ஆங்கிலப் பெயர் ஓர் ஆசிரியர் மாநாட்டில் பிறந்ததாகும்.

விளையாட்டுகள் பரவியபோது கட்டளைக்கு அசையும் பயிற்சி பின்தங்கியது. தேசியக் கல்விச் சங்கம் 1910இல் அதே பாஸ்டனில் கூடியபோது கிளார்க் ஹெதரிங்டன் வழங்கிய கட்டுரை, உடலுறுப்பு வளர்ச்சி, இயக்கத்திறன், பண்பு, அறிவு ஆகிய நான்கையும் உடற்கல்வியின் எல்லைக்குள் கொண்டுவந்தது. 1889இல் ‘பயிற்சி’ என்று பேசிய நகரில் இருபத்தோர் ஆண்டுகளுக்குப்பின் ‘கல்வி’ என்னும் சொல் முழுப்பொருளோடு நிலைபெற்றது.

புரூக்ளின் சங்கத்தின் பெயர்களிலும் இவ்வளர்ச்சியைக் காணலாம். அது 1903இல் அமெரிக்க உடற்கல்விச் சங்கம் ஆயிற்று. 1937இல் தேசியக் கல்விச் சங்கத்தின் பள்ளிச் சுகாதார, உடற்கல்வித் துறையோடு இணைந்தபோது ‘சுகாதாரம்’ என்னும் சொல் பெயரில் ஏறியது. அடுத்த ஆண்டு ‘பொழுதுபோக்கு’ம், 1979இல் ‘நடனம்’ என்பதும் சேர்ந்தன. ஆனால் சங்கத்தின் தலைமைப் பொறுப்பு ஒரு பெண்ணுக்குக் கிடைக்க 1931 வரை ஆயிற்று. நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தின் மேபல் லீ அவ்வாண்டு தலைவரானார். பாஸ்டன் மாநாட்டையே கூட்டியவர்கள் பெண்கள் என்பதை நினைத்தால் இத்தாமதம் சிறிதன்று.

சென்னைக்கு வந்த மரபு

ஸ்பிரிங்ஃபீல்டில் பயின்ற ஹாரி குரோ பக் (1884-1943) சென்னைக்கு வந்து 1920இல் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விப் பள்ளியைத் தொடங்கினார். அதுவே பின்னர்க் கல்லூரியாக வளர்ந்து இன்று நந்தனத்தில் இயங்குகிறது. 1924ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக் போட்டிக்குச் சென்ற இந்திய அணிக்கு அவர் பொறுப்பேற்றார். மேலைநாட்டு விளையாட்டுகளோடு இந்திய நாட்டு ஆட்டங்களுக்கும் பயிற்சியில் இடமளித்தார். ஒரே முறையைப் பற்றி நில்லாமல் பலவற்றை இணைத்துச் சூழலுக்கு ஏற்ப அமைத்தல் என்னும் சார்ஜண்டின் கருத்தோடு இஃது ஒத்துச் செல்வதைக் காணலாம்.

தமிழகக் கல்வி நிறுவனங்களில் இன்றும் வழங்கும் ‘பிசிக்கல் டைரக்டர்’ என்னும் பதவிப்பெயர், 1896இல் ஸ்பிரிங்ஃபீல்டில் கூடியவர்கள் தாங்கியிருந்த அதே பெயராகும். ‘உடற்கல்வி இயக்குநர்’ என்பது அதன் தமிழாக்கம். ஆங்கிலப் பெயரில் கல்வி என்னும் சொல் இல்லை, தமிழாக்கத்தில் உள்ளது. மொழிபெயர்த்தோர் சொல்லுக்குச் சொல் பெயர்க்காமல், அத்துறை அடைந்திருந்த பொருள் வளர்ச்சியையும் உள்ளடக்கினர் என்று கொள்ளலாம்.

சொல்லில் கிடைத்த மதிப்பு நடைமுறையில் கிடைத்ததா என்பது வேறு வினா. 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்டச் சட்டகம் சுகாதாரத்தையும் உடற்கல்வியையும் தனியொரு பாடத்துறையாகக் கருதியது. ஆனால் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளில் நூறு குழந்தைகளுக்கு மேல் பயிலும் பள்ளிகளுக்குச் ‘சுகாதாரம், உடற்கல்வி’ ஆகியவற்றிற்கெனப் பகுதிநேரப் பயிற்றுநரையே வரையறுத்தது. துறையின் பெயரில் கல்வி உள்ளது. பணியின் பெயரில் ஆசிரியர் இல்லை, பயிற்றுநரே உள்ளார். தேர்வு நெருங்கும் மாதங்களில் விளையாட்டுப் பாடவேளை வேறு பாடங்களுக்குச் சென்றுவிடும் வழக்கமும் நாம் அறிந்ததே.

முடிவுரை

மேற்கண்டவற்றால் பெறப்படும் கருத்துகள் மூன்று. முதலாவது, உடற்கல்வியின் தொடக்கக் கூட்டம் மருத்துவர் தலைமையில் அமைந்தது. பாஸ்டன் மாநாடு அதனைப் பள்ளி ஆசிரியரின் பணியாகப் பொதுமக்கள் முன் நிறுத்தியது. இரண்டாவது, அம்மாநாட்டை அடுத்து ஏற்கப்பட்ட முறை ஒரு தலைமுறைக்குள் தேய்ந்தது. ஆனால் கூடி விவாதித்து, பதிவு செய்து, மீண்டும் கூடித் திருத்திக் கொள்ளும் மரபு நிலைத்தது. ஒரு பணியைத் தொழிலாக்குவது அம்மரபே. மூன்றாவது, டிரில், பயிற்சி, கல்வி என்னும் சொற்கள் ஒன்றையொன்று அகற்றிவிடவில்லை. தமிழக வழக்கில் மூன்றும் உடன் வாழ்கின்றன. பாஸ்டன் அரங்கில் எழுந்த வினா நம் பள்ளித் திடலில் இன்னும் விடை பெறவில்லை என்பதையே இது காட்டுகிறது. அத்திடலில் நிற்பவரை நாம் எப்பெயரால் அழைக்கிறோம் என்பது, அவர் செய்வதைக் கல்வியாக ஏற்கிறோமா என்பதற்கான சான்றாகும்.