சைக்கிள் பழகிய புதுக்கோட்டை

1992-ஆம் ஆண்டு உலக மகளிர் தினத்தையொட்டி, புதுக்கோட்டை நகரத் தெருக்களில் சுமார் 1,500 பெண்கள் சைக்கிளில் ஊர்வலம் போனார்கள். கைப்பிடியில் கொடி, ஓயாத மணிச்சத்தம். ஒன்றரை ஆண்டுக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் இந்த மாவட்டத்தில் சைக்கிள் பழகியதைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவு செய்திருக்கிறார். பெண் விடுதலையின் அடையாளம் என்று இதைக் கொண்டாடி முடித்துவிடுவது வழக்கம். எனக்கு அதற்குள் இன்னொரு செய்தியும் தெரிகிறது. பிறரை வழிநடத்த வேண்டியவர் முதலில் தன்னை அறிந்திருக்க வேண்டும் என்று நிர்வாகவியல் வகுப்புகளில் இன்று ஓயாமல் சொல்கிறார்கள். அந்த அறிதல் எங்கே வாய்க்கிறது என்ற கேள்விக்குப் புதுக்கோட்டையின் அந்த ஆண்டுகள் நல்ல விடை தருகின்றன. நாலு பேர் பார்க்க, விழுந்து எழுந்து, இதுவரை தனக்கு வராது என்று நம்பியிருந்த ஒரு காரியத்தைச் செய்து பார்க்கும்போதுதான் அது வாய்க்கிறது.

இந்த மண்ணுக்குத் தன்னை அறிதல் புதிய பேச்சல்ல. சித்தன்னவாசல் குன்றின் ஏழடிப்பட்டத்தில் சமண முனிவர்கள் கிடந்து தவமிருந்த கற்படுக்கைகளை இன்றும் பார்க்கலாம். 18-ஆம் நூற்றாண்டில் புதுக்கோட்டை மன்னர் விஜயரகுநாதத் தொண்டைமானுக்குத் திருவரங்குளம் காட்டில் மௌனச் சாமியாரான சதாசிவ பிரம்மேந்திரர் மணலில் எழுதி உபதேசம் செய்தார் என்பதும், அந்த மணலை அரண்மனையில் வைத்து வழிபட்டார்கள் என்பதும் சமஸ்தானத்து மரபு. துறவிக்குக் குகை, அரசனுக்குக் குரு. தனிமையும் மௌனமும் யாருக்குக் கிடைக்குமோ அவர்களுக்கே தன்னறிவும் கிடைக்கும் என்ற எண்ணம் இப்படித்தான் நமக்குள் ஊறிப்போயிருக்கிறது. அந்தக் கணக்குப்படி பார்த்தால், விடிவதற்குள் தண்ணீர் சுமந்து, பகலெல்லாம் கல் உடைத்து, இருட்டிய பிறகு உலை வைக்கும் ஒரு பெண்ணுக்கு அது கிடைக்கவே கிடைக்காது.

அவளுக்கு வேறொரு வழி எழுத்தறிவு இயக்கத்தோடு வந்தது. தேசிய எழுத்தறிவு இயக்கம் 1988-ல் தொடங்கியது. 1990-ல் கேரளத்தின் எர்ணாகுளம் நாட்டின் முதல் முழு எழுத்தறிவு மாவட்டமானது. அடுத்த ஆண்டு புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் பிறந்தது. ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத், அறிவியல் இயக்கத்துக்காரர்கள், ஆசிரியர்கள், ஊதியம் எதுவும் பெறாத தொண்டர்கள் எனப் பல கைகள் சேர்ந்தன. வேலை முடிந்து வந்த பெண்கள் கூடும் மாலை நேர மையங்கள்தான் பள்ளிக்கூடம். புதுக்கோட்டை கண்மாயையும் வானத்தையும் நம்பிய மாவட்டம். ஊருக்கு ஊர் தூரம், பஸ்ஸை நம்பிக் காரியம் ஆகாது. நாலைந்து ஊர் மையங்களை ஒரே மாலையில் பார்த்துவர வேண்டிய பெண் தொண்டர் யாராவது ஆணின் பின்னால் உட்கார்ந்து போக வேண்டும், இல்லாவிட்டால் போகாமல் இருக்க வேண்டும். சைக்கிள் திட்டத்துக்குள் வந்தது இந்த நடைமுறைத் தேவையால்தான். பெண்களுக்குச் சைக்கிள் வாங்க வங்கிக் கடன் கிடைக்க ஆட்சியர் ஏற்பாடு செய்தார். ஒவ்வொரு ஒன்றியத்துக்கும் பொறுப்புகள் பிரித்துக் கொடுக்கப்பட்டன. லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது பெண்கள் ஜென்ட்ஸ் சைக்கிளை எடுத்துக்கொண்டார்கள். சிலர் அதையே விரும்பவும் செய்தார்கள், சீட்டுக்கு முன்னால் இருக்கும் பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாமே!

பழகும் காட்சியைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒருத்தி ஏறுகிறாள், இன்னொருத்தி கேரியரைப் பிடித்துக்கொண்டே பின்னால் ஓடுகிறாள். சுற்றி நிற்பவர்களில் சிரிக்கிறவர்களும் உண்டு, ஏசுகிறவர்களும் உண்டு. முழங்கால் சிராய்த்துவிடுகிறது. கொஞ்ச நாளில் கேரியரிலிருந்து கை எடுக்கப்பட்டதுகூடத் தெரியாமல் அவள் ஓட்டிக்கொண்டு போகிறாள். ‘நமக்கெல்லாம் மண்டையில ஏறாது’ என்று எழுத்தைப் பற்றியும், ‘பொம்பளைக்கு எதுக்கு’ என்று சைக்கிளைப் பற்றியும் அதுவரை சொல்லப்பட்டதைத் தன் சொந்தக் கருத்தாகவே அவள் சுமந்திருந்தாள். இப்போது அவள் கையில் மறுக்க முடியாத சான்று ஒன்று இருக்கிறது. வராது என்று சொன்னவர்கள் தப்பு, அதை நம்பிய தானும் தப்பு. இதைத்தான் நான் தன்னறிவு என்கிறேன். தன் எல்லைகளில் எது உண்மையிலேயே தன்னுடையது, எது பிறர் போட்டது என்று பிரித்துப் பார்க்கத் தெரிவது. கண்ணை மூடி உட்கார்ந்து யோசித்தால் இது பிடிபடாது. யோசிக்கும் மனமே பிறர் சொன்னதால் நிரம்பியிருக்கும்போது அது தன்னையே திரும்பத் திரும்ப ஆமோதித்துக்கொள்ளும்.

கற்றுக்கொடுக்க வந்தவர்களுக்கும் இதே பாடம் வேறு திசையிலிருந்து வந்தது. பத்தாவது படித்த தொண்டர் சிலேட்டோடு உட்கார்ந்தால், எதிரே இருப்பவர் கூலிக்கணக்கையும் வட்டிக்கணக்கையும் மனதிலேயே போட்டு முடிக்கிறவராக இருப்பார். எழுத்து தெரியாததை அறிவு இல்லாததாக எண்ணி வந்தவருக்குத் தன் படிப்பின் அளவு அங்கே தெரிந்துவிடும். தெரிந்துகொண்டவர்களின் மையம் நிலைக்கும், தெரியாதவர்களின் மையத்தில் கூட்டம் கரையும். முதியோர் கல்வியில் நாள்பட்ட எவரும் இதை ஒப்புக்கொள்வார்கள். அதனால்தான் போன மாதம் விழுந்து எழுந்தவள் இந்த மாதம் அடுத்தவளுக்குக் கேரியர் பிடித்தபோது அவள் சொல் எடுபட்டது. தான் கடந்து வந்த பயத்தை அவள் மறந்திருக்கவில்லை. பதவி இல்லாத இடத்தில் தலைமைக்கு வேறு என்ன ஆதாரம் இருக்க முடியும்?

இது கலெக்டர் நடத்திய இயக்கம், மேலிருந்து வந்தது, அதில் போய்த் தன்னறிவைத் தேடுவதா என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. ஆட்சியரின் ஆர்வம் இல்லாமல் கடனும் முகாமும் ஊர்வலமும் இந்த வேகத்தில் நடந்திருக்காது. ஆனால் ஆணை போட்டு ஒருவரையும் சைக்கிளில் நிமிர்த்தி வைக்க முடியாது. கட்டாயம் எதுவும் இல்லாதபோது லட்சம் பேர் கணவரின் முகச்சுளிப்பையும் தெருவின் கேலியையும் தாண்டி வந்தார்கள் என்றால், வாய்ப்பு மேலிருந்து வந்தது, முடிவு அவர்களுடையது. சைக்கிள் வெறும் வண்டிதானே, தண்ணீர்க் குடம் கட்டவும் பிள்ளையைப் பள்ளியில் விடவும் உதவியது, அதற்கு மேல் ஏன் ஏற்றிச் சொல்ல வேண்டும் என்றும் கேட்பார்கள். குடம் கட்டியதை நான் சிறிதாக நினைக்கவில்லை. பஸ்ஸுக்காகவும் அப்பாவுக்காகவும் அண்ணனுக்காகவும் காத்திருக்கும் நேரம் மிச்சமானபோதுதான் கூட்டத்துக்குப் போகவும் மனு எழுதவும் நேரம் வந்தது. 1996 உள்ளாட்சித் தேர்தலில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் ஒதுக்கப்பட்டபோது, தமிழ்நாட்டில் எத்தனையோ ஊராட்சிகளில் தலைவர் நாற்காலியில் கணவர் உட்கார்ந்தார். பதவி முதலில் வந்து, தன்மேல் நம்பிக்கை பின்னால் வர வேண்டியிருந்தால் நடப்பது அதுதான்.

இதே புதுக்கோட்டை நூறு ஆண்டுகளுக்கு முன் வேறு மாதிரித் தலைமை ஒன்றையும் தந்திருக்கிறது. 1886-ல் இங்கே பிறந்த முத்துலட்சுமி, எதிர்ப்புகளுக்கு நடுவே மன்னர் கல்லூரியில் சேர்ந்த முதல் பெண். 1912-ல் மருத்துவரானார், சென்னை சட்டமன்றத்தின் முதல் பெண் உறுப்பினராகித் துணைத் தலைவராகவும் இருந்தார். அவருடைய தாய் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். தேவதாசி முறையை ஒழிக்க முத்துலட்சுமி போராடியதன் வேகம் அந்த வாழ்வை உள்ளிருந்து அறிந்ததிலிருந்து வந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. அவரை எதிர்த்தவர்களில் முக்கியமானவரான காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தியும் இதே சமஸ்தானத்துத் திருமயத்துக்காரர்! இருவரில் வரலாறு யார் பக்கம் நின்றது என்று எல்லோருக்கும் தெரியும், 1947-ல் சட்டம் வந்தது. ஆனாலும் தேவதாசிகளில் ஒரு பகுதியினர் அந்தச் சட்ட முயற்சியை எதிர்த்து மனுக் கொடுத்தார்கள், பெங்களூர் நாகரத்தினம்மாள் அவர்களில் ஒருவர். அவர்கள் அஞ்சியது தங்கள் கலையும் சொத்துரிமையும் போய்விடும் என்று. அந்த அச்சத்துக்குக் காரணம் இருந்தது. தன் வலியை அறிந்தவர் பிறர் வலியையும் அறிந்துவிட்டதாக எண்ணக்கூடும். முத்துலட்சுமியின் நோக்கம் சரியானது என்றே நான் கருதுகிறேன், ஆனால் மேடையில் ஒருவரும் கீழே பலரும் இருக்கும் அமைப்பில் இந்த இடைவெளி தவிர்க்க முடியாதது. அறிவொளியில் கேரியர் பிடித்தவளுக்கும் வண்டி ஓட்டியவளுக்கும் இடையே அந்தத் தூரம் இல்லை.

என் வாதத்துக்குப் பலமான ஆட்சேபம் குடுமியான்மலைப் பக்கத்துக் கல் குவாரிகளிலிருந்து வருகிறது. ஒப்பந்தக்காரர்களிடம் கொத்தடிமையைப் போல் கல் உடைத்த பெண்கள் அந்த ஆண்டுகளில் குழுக்களாகச் சேர்ந்து குவாரிகளைத் தாங்களே குத்தகைக்கு எடுத்து நடத்தினார்கள். கணக்கு எழுதினார்கள், லாரிக்காரரிடம் விலை பேசினார்கள், கூலி கூடியது. ஒப்பந்தக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. அதிகாரிகள் மாறினார்கள், அரசின் கவனமும் மாறியது, பெண்கள் பெற்றதில் பெரும்பகுதி கைநழுவியது. அறிவொளி மையங்களும் சில ஆண்டுகளில் தொய்ந்தன, படித்ததை மறந்தவர்கள் உண்டு. ஆகவே தன்னறிவு இருந்தால் போதும் என்று நான் வாதாட மாட்டேன். குத்தகை ஆணை அலுவலகத்தில் பிறக்கிறது, அதைக் காப்பாற்ற அலுவலகமும் சட்டமும் சங்கமும் வேண்டும். வெற்றிக்குத் தன்னறிவு உத்தரவாதம் இல்லை. ஆனால் குத்தகை கைவிட்டுப் போனபோது அது தங்களுக்குச் சேர வேண்டியது என்று அந்தப் பெண்களுக்குத் தெரிந்திருந்தது. அதற்கு முந்தைய தலைமுறைக்குக் குவாரி என்பது யாருடையதோ, தான் அதில் கூலி. சைக்கிளோ எவரும் திரும்ப வாங்கிக்கொள்ள முடியாததாக நின்றது. 2000-களில் தமிழக அரசு பள்ளி மாணவிகளுக்கு விலையில்லாச் சைக்கிள் கொடுக்கத் தொடங்கியபோது, பெண் பிள்ளை சைக்கிளில் போகலாமா என்ற கேள்வியைப் புதுக்கோட்டைக் கிராமங்கள் பத்து ஆண்டுகளுக்கு முன்பே பேசி முடித்திருந்தன.