கீழத்தஞ்சை விவசாயத் தொழிலாளர் இயக்கம்

கீழத்தஞ்சை விவசாயத் தொழிலாளர் இயக்கம் என்பது பழைய தஞ்சாவூர் மாவட்டத்தின் மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, நாகப்பட்டினம் வட்டங்களில் 1940களில் தோன்றி, பண்ணையாட்களையும் வாரக்குடிகளையும் ஊர்தோறும் சங்கங்களாகத் திரட்டிய அரசியல் இயக்கமாகும். இப்பகுதியில் நஞ்சை நிலம் பெரும்பாலும் நிலவுடைமையாளர்களான மிராசுதாரர்களிடமும் கோயில்களிடமும் மடங்களிடமும் குவிந்திருக்க, வயலில் உழைத்தோரில் பெரும்பான்மையினர் தலித்துகளாக இருந்தனர். பண்ணையாள் என்பவர் ஒரே மிராசுதாரரிடம் குடும்பத்தோடு கட்டுண்டு, நெல்லைக் கூலியாகப் பெற்று, அவருடைய மனையிலேயே குடிசை போட்டு வாழ்ந்தவர். வாரக்குடி என்பவர் விளைச்சலில் பங்கு கொடுப்பதாக ஏற்று நிலத்தைப் பயிரிட்டவர். பண்ணையாளைச் சவுக்கால் அடிப்பதும், சாணத்தைக் கரைத்த சாணிப்பாலை அவர் வாயில் புகட்டுவதும் வழக்கமான தண்டனைகளாக இருந்தன.

கன்னடத்தைத் தாய்மொழியாகக் கொண்ட பொதுவுடைமைக் கட்சி ஊழியர் பி. சீனிவாசராவ் 1943இல் இம்மாவட்டத்துக்கு வந்து, சேரிகளில் தங்கி, அம்மக்களோடு உண்டு உறங்கிச் சங்கங்களை அமைத்தார். மன்னார்குடிக்கு அருகிலுள்ள தென்பரை அவற்றுள் முதலாவதாகக் குறிப்பிடப்படுகிறது. கூலி உயர்வையும் சவுக்கடி, சாணிப்பால் ஒழிப்பையும் ஒரே கோரிக்கையாக முன்வைத்ததே இவ்வியக்கத்தின் பெரும் வலிமை எனலாம். தனியொருவர் எதிர்த்துப் பேசினால் அவருடைய குடிசை பிரிக்கப்படும் என்ற நிலையில், தெரு முழுவதும் ஒருசேர வேலைக்குச் செல்ல மறுத்தால் மிராசுதாரர் பணிய வேண்டியிருந்தது. நாற்று முற்றினால் நடவு கெடும், அறுவடை தாமதித்தால் நெல் உதிரும் என்பதால் போராட்டத்தின் காலத்தைப் பயிரே வகுத்துக் கொடுத்தது. 1940களின் நடுப்பகுதியில் எட்டப்பட்ட உடன்பாடுகள் வழியாக அக்கொடுந்தண்டனைகள் படிப்படியாகக் கைவிடப்பட்டன.

நடவு பெண்களின் வேலையாகையால் அவர்களின்றி எந்த வேலைநிறுத்தமும் நிலைத்திருக்க முடியாது. இவ்வுண்மையை நன்குணர்ந்தவர்களுள் ஒருவர் மணலூர் மணியம்மை. பிராமணக் குடும்பத்தில் பிறந்து இளமையிலேயே கைம்பெண்ணான அவர், முடியைக் கத்தரித்து, வேட்டியும் மேற்சட்டையும் அணிந்து, ஊர் ஊராகச் சென்று தொழிலாளரைத் திரட்டினார். அவர் வாழ்க்கையை ராஜம் கிருஷ்ணன் ‘பாதையில் பதிந்த அடிகள்’ என்ற நாவலில் பதிவு செய்துள்ளார்.

1952இல் இராஜாஜி தலைமையிலான அரசு கொண்டுவந்த தஞ்சாவூர் சாகுபடிதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம், வாரக்குடிக்கு மொத்த விளைச்சலில் ஐந்தில் இரண்டு பங்கை உறுதி செய்ததோடு, பண்ணையாட்களை விருப்பம்போல் நீக்குவதையும் கட்டுப்படுத்தியது. ஓர் ஊரில் ஒரு வேலி, அதாவது 6⅔ ஏக்கர், அளவுக்கு மேற்படாத நிலமுடையோருக்கு விலக்கு அளிக்கப்பட்டது. ஆயினும், சட்டப் பொறுப்பைத் தவிர்க்க விரும்பிய நிலவுடைமையாளர் பலர் பண்ணையாள் முறையைக் கைவிட்டுத் தினக்கூலி ஆட்களை அமர்த்தியதால், பழைய கட்டுத்தளையுடன் ஆண்டு முழுவதும் கிடைத்த வேலையின் உறுதியும் போயிற்று. எனவே 1960களில் அன்றாடக் கூலியின் அளவும், உள்ளூர் ஆட்களைத் தவிர்த்து வெளியூர் ஆட்களை அறுவடைக்கு இறக்குவதும் மோதலின் மையமாயின.

நிலவுடைமையாளர்கள் நெல் உற்பத்தியாளர் சங்கம் என்ற பெயரில் எதிரணி அமைத்து, தொழிலாளர் சங்கங்களின் செங்கொடியை இறக்கும்படி ஊர்களை வற்புறுத்தினர். கூடுதல் கூலி கேட்டுச் சங்கத்தில் உறுதியாக நின்ற கீழவெண்மணி என்ற ஊரில் 1968 டிசம்பர் 25 அன்று இரவு தலித் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டனர். அவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும் ஆவர். கீழ் நீதிமன்றத்தில் தண்டனை பெற்ற நிலவுடைமையாளர்களைச் சென்னை உயர் நீதிமன்றம் 1973இல் விடுவித்தது, தமிழக நீதி வரலாற்றில் ஆறாத காயமாக இருந்து வருகிறது.

இப்படுகொலையைத் தொடர்ந்து அமைக்கப்பட்ட கணபதியா பிள்ளை ஆணையத்தின் பரிந்துரைகளின் அடிப்படையில் 1969இல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் இயற்றப்பட்டது. சங்கங்கள் தொடக்கம் முதல் எதிர்கொண்டுவந்த குடிசை வெளியேற்றத்துக்குத் தீர்வாக வந்தது 1971ஆம் ஆண்டின் குடியிருப்பு மனை உரிமைச் சட்டமே. பிறர் நிலத்தில் குடியிருந்த தொழிலாளருக்கு அம்மனையையே இச்சட்டம் உரிமையாக்கியதால், கூலி கேட்பவரின் குடிசையைப் பிரிக்கும் அதிகாரம் சட்டப்படி மிராசுதாரரிடமிருந்து நீங்கியது.