இரவல் சட்டை

மெம்ஃபிஸ் நகரத்து பீல் தெருவில், 126ஆம் எண் கடையை லான்ஸ்கி சகோதரர்கள் 1946இல் திறந்தார்கள். முதலில் அங்கே விற்றது ராணுவத்தின் மிச்சச் சரக்கு. போர் முடிந்ததும் கழித்துக்கட்டிய சட்டைகள், தொப்பிகள், பூட்ஸ்கள். அது தீர்ந்துபோனதும் ஊரில் வேறு கடைக்காரர்கள் தொடத் தயங்கிய பளபளப்பான உடுப்புகளுக்கு மாறினார்கள். இளஞ்சிவப்புச் சட்டை, தூக்கி நிறுத்திய காலர், இடுப்பில் மடிப்பு வைத்துத் தொளதொளவென்று இறங்கும் கால்சட்டை. வாங்க வந்தவர்கள் பெரும்பாலும் கறுப்பர்கள். பி.பி. கிங் அங்கே வாடிக்கைக்காரர். பக்கத்துத் திரையரங்கில் ஆட்களுக்கு இருக்கை காட்டும் வேலையில் இருந்த ஒரு வெள்ளைக்காரப் பையன் மட்டும் கண்ணாடிக்கு வெளியே நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருப்பான். ஒருநாள் பெர்னார்டு லான்ஸ்கி அவனை உள்ளே கூப்பிட்டார். பையன் பெயர் எல்விஸ் பிரெஸ்லி.

ராக்கபிலி என்ற சொல்லே ஒட்டுப்போட்டது. ‘ராக்’ பாதி, ‘ஹில்பில்லி’ மீதி. அமெரிக்கத் தெற்கின் கறுப்பர்களுடைய ப்ளூஸும் அதே மண்ணின் வெள்ளை ஏழைகளுடைய நாட்டுப்புறப் பாட்டும் கலந்த இசை அது. 1954 ஜூலையில் சன் நிறுவனம் வெளியிட்ட எல்விஸின் முதல் இசைத்தட்டைத் திருப்பிப் பார்த்தாலே விஷயம் புரிந்துவிடும். ஒரு பக்கம் ஆர்தர் க்ரூடப் என்ற கறுப்பருடைய பாட்டு. மறுபக்கம் பில் மன்றோ என்ற வெள்ளையருடையது. அதற்கு இரண்டு மாதம் முன்னால்தான், மே 17 அன்று, பள்ளிகளில் நிறத்தை வைத்துப் பிள்ளைகளைப் பிரிப்பது சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருந்தது. தீர்ப்பு வந்ததே தவிர, ஊர் மாறவில்லை. பாட்டு கலக்கலாம், சட்டை கலக்கலாம். போட்டிருக்கிற ஆட்கள் மட்டும் பேருந்தில் சேர்ந்து உட்காரக் கூடாது.

எழுபது ஆண்டுகள் கழித்து இன்றும் இந்த உடுப்பைப் போடுகிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். ஆண்கள் தலைமுடியை எண்ணெய்ப் பசையால் மேலே வாரி, ஜீன்ஸின் அடியை மடித்துவிடுகிறார்கள். பெண்கள் புள்ளி போட்ட அகலப் பாவாடையும் சிவப்பு உதட்டுச்சாயமுமாக வருகிறார்கள். லாஸ் வேகஸில் 1998 முதல் இவர்களுக்கென்று ஆண்டுதோறும் பெரிய திருவிழாவே நடக்கிறது. பார்க்கிறவர்கள் ‘இந்தக் காலத்துல எதுக்கு இந்த வேஷம்?’ என்று கேட்பது வழக்கம். அதைவிடக் கனமான கேள்வி ஒன்று உண்டு. அந்தக் காலத்தின் உடுப்பு பிடித்திருக்கிறது, சரி. அந்தக் காலமும் பிடித்திருக்கிறதா?

பதில் தேட உடுப்பின் தையலைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும்.

தொளதொளக் கால்சட்டையின் பூர்வீகம் ஜூட் சூட். 1940களின் தொடக்கத்தில் கறுப்பு இளைஞர்களும் மெக்சிகோ வம்சாவளி இளைஞர்களும் விரும்பிப் போட்டது. போர்க்காலத்தில், 1942இல், துணிக்குக் கட்டுப்பாடு வந்தது. இத்தனை துணியை வீணாக்குகிறவன் தேசத் துரோகி என்ற பேச்சு கிளம்பியது. 1943 ஜூனில் லாஸ் ஏஞ்சலஸ் தெருக்களில் கடற்படைச் சிப்பாய்கள் மெக்சிகோ வம்சாவளிப் பையன்களைத் தேடித்தேடி அடித்தார்கள். அடித்ததோடு விடவில்லை, நடுத்தெருவில் உடுப்பை உரித்தார்கள். நகரமன்றம் கூடி, ஜூட் சூட் அணிவதைத் தடுக்கத் தீர்மானம் போட்டது. அடித்தவர்களை விட்டுவிட்டுச் சட்டையைக் குற்றவாளி ஆக்கியாயிற்று.

பெண்களின் உடுப்பிலும் இப்படி ஒரு கதை. தலையில் கட்டும் சிவப்புப் புள்ளிக் கைக்குட்டை, முஷ்டி மடக்கிய தொழிலாளிப் பெண்ணின் சுவரொட்டியிலிருந்து வந்தது. 1943இல் வெஸ்டிங்ஹவுஸ் தொழிற்சாலைகளுக்குள் சில நாள் மட்டுமே ஒட்டப்பட்ட சுவரொட்டி அது. அன்று வெளியே அதைக் கண்டவர் அரிது. அது பிரபலமானது 1980களில்தான். அகலப் பாவாடை 1947இல் பாரிஸில் கிறிஸ்தியன் தியோர் காட்டிய பாணி. உடம்பைப் பிடித்து நிற்கும் குட்டைக் கால்சட்டையில் இன்று ஸ்பாண்டெக்ஸ் இழை கலந்திருக்கிறது. அந்த இழையைக் கண்டுபிடித்ததே 1958இல். கை நிறையப் பச்சை குத்திய இன்றைய ராக்கபிலிப் பெண்ணை 1955க்குக் கொண்டுபோய் நிறுத்தினால் ஊரே வாய்மேல் கைவைத்துப் பார்த்திருக்கும்.

பச்சை குத்தாதவர்களுக்கே அன்று பாடு பெரும்பாடாக இருந்தது. வாண்டா ஜாக்சன் என்ற ராக்கபிலிப் பாடகிக்கு அவருடைய அம்மாதான் உடை தைப்பார். கிராண்ட் ஓல் ஆப்ரி மேடையில் ஏறப் போனபோது, தோள் தெரிகிற உடையோடு பாடக் கூடாது என்று தடுத்தார்கள். மேலே ஒரு ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு கோபத்தோடு பாடிவிட்டு வந்தார். அன்று மூடச் சொன்ன அந்தத் தோளைத்தான் இன்று அந்தக் காலத்து அழகு என்று விற்கிறார்கள்.

ஆகவே, இன்று போடுகிறவர்கள் 1955க்குத் திரும்பிப் போவதாகச் சொல்வது பொருந்தாது. 1942இல் ஒரு துண்டு, 1947இல் ஒரு துண்டு, 1980களில் ஒரு துண்டு என்று வெட்டி ஒட்டிய காலம் அது. எந்த நாட்காட்டியிலும் கிடையாது.

ஒட்டும்போது எதைச் சேர்க்கிறோம், எதை வெட்டி எறிகிறோம் என்பதில்தான் சிக்கல். பிரிட்டனில் டெடி பாய்ஸ் என்ற தொழிலாளி வர்க்கத்து இளைஞர்கள், லண்டன் தையற்காரர்கள் மேட்டுக்குடியினருக்காகப் புதுப்பித்த எட்வர்டு மன்னர் காலத்து நீளக் கோட்டைத் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். சும்மா சொல்லக்கூடாது, அழகான திருட்டு. ஆனால் 1958இல் நாட்டிங் ஹில்லில் கரீபியத் தீவுகளிலிருந்து வந்த கறுப்பர்களைத் தாக்கிய கும்பல்களில் அவர்களும் இருந்தார்கள். பிறகு 1970களில் ராக்கபிலி அங்கே மறுபிறவி எடுத்தபோது, அடிமை முறைக்காகப் போரிட்ட அமெரிக்கத் தென்மாநிலங்களின் கொடி ஜாக்கெட் முதுகிலும் இசைத்தட்டு உறையிலும் ஏறிக்கொண்டது. ‘இது வெறும் கலகக்காரன் கொடிதானே’ என்றார்கள். அந்தக் கொடிக்குக் கீழே யார் விற்கப்பட்டார்கள் என்று தெரிந்தவர்களால் அப்படி நினைக்க முடியாது. இன்று பழைய பாணியில் உடுத்துகிறவர்கள் பலர் ஒரு வாசகத்தைச் சொல்லிவருகிறார்கள்: பாணி பழையது, மதிப்பீடுகள் பழையவை அல்ல. கேட்க எளிது. கடைப்பிடிக்க, அலமாரியிலிருந்து சிலவற்றைத் தூக்கிப்போட வேண்டியிருக்கும்.

இன்று லாஸ் ஏஞ்சலஸின் ராக்கபிலிக் கூட்டங்களில் மெக்சிகோ வம்சாவளியினர் பெருமளவில் இருக்கிறார்கள். பாட்டன்மார்களின் உடுப்பை எந்த ஊர் உரித்ததோ, அதே ஊரில் பேரன்கள் இஸ்திரி போட்டு மடிப்புக் கலையாமல் நடக்கிறார்கள். தோக்கியோவின் யோயோகி பூங்காவில் ஞாயிற்றுக்கிழமைகளில் தோல் ஜாக்கெட்காரர்கள் ஆடுகிறார்கள். ஆடித் தேய்ந்த பூட்ஸ்களுக்கு டேப் சுற்றியிருப்பார்கள். ஜப்பானுக்கு ஜீன்ஸ் வந்து சேர்ந்தது போருக்குப் பின் அமெரிக்கச் சிப்பாய்களோடு. யுவெனோவின் கள்ளச்சந்தையில் பழசாக விற்றது. தோற்றவர்கள் வென்றவனின் கழிசல் துணியை எடுத்து, பிற்காலத்தில் அவனே வியந்து வாங்கும் அளவுக்கு நெய்து காட்டினார்கள். இவர்கள் யாருக்கும் 1955இன் மெம்ஃபிஸ் முன்வாசலைத் திறந்திருக்காது. உடுப்பு திறக்கிறது.

இரவல் வாங்குவது தப்பில்லை. இந்த உடுப்பே இரவலில் பிறந்ததுதான். யாரிடம் வாங்கினோம் என்று மறந்துபோவதுதான் வழக்கமாக நடப்பது. எல்விஸ் லான்ஸ்கி கடையில் காசு கொடுத்துச் சட்டை வாங்கினார். அந்த முதல் தட்டின் முதல் பாட்டை எழுதிய ஆர்தர் க்ரூடப், கூலி வேலை பார்த்துப் பிழைத்துக்கொண்டு, தனக்குச் சேரவேண்டிய உரிமைத்தொகைக்காகக் கடைசிவரை போராடினார். 1974இல் இறந்தார். அந்தப் பணத்தில் பெரும்பகுதி அவர் கைக்கு வந்து சேரவில்லை.