வான் கட்டுப்பாட்டாளர் ஒருங்கிணைப்பு: கோவை–சூலூர் வான்வெளியை முன்வைத்து

1. களம்

திருப்பூருக்குத் தனி விமான நிலையம் இல்லை. பின்னலாடை ஏற்றுமதியாளரும் அவர்களைத் தேடிவரும் வெளிநாட்டு வணிகரும் கோவை பீளமேடு விமான நிலையத்தில்தான் இறங்குகின்றனர். அதன் கிழக்கே, திருப்பூர்ப் பக்கமாக, சூலூர் விமானப்படைத் தளம் உள்ளது. 2018இல் தேஜஸ் போர் விமானப் படைப்பிரிவு ஒன்று அங்கு வந்தது. இத்தனை நெருக்கத்தில் இரு ஓடுபாதைகள் இயங்கும்போது, ஒரு கோபுரத்தின் முடிவு மற்றதையும் தொடும்.

2. வரையறை

ஒரு விமானம் பற்றிய செய்தியையும் பொறுப்பையும் இரு கட்டுப்பாட்டாளர்கள் உடன்பட்டுக் கைமாற்றுவதையே ஒருங்கிணைப்பு என்கிறோம். பன்னாட்டுக் குடிசார் வான்போக்குவரத்துக்கான சிகாகோ உடன்படிக்கையின் 11ஆம் இணைப்பு இதற்கு இரு அடிப்படைகளை வகுக்கிறது. ஒரு நேரத்தில் ஒரு விமானம் ஒரே கட்டுப்பாட்டுப் பிரிவின் கீழ் இருக்க வேண்டும். ஏற்கும் பிரிவு இசையாமல் பொறுப்பு மாறக் கூடாது.

3. வகைகள்

இவ்வொருங்கிணைப்பு மூவகைப்படும். சென்னைப் பகுதிக் கட்டுப்பாட்டு மையம், கோவை அணுகுகைப் பிரிவு, கோபுரம் என விமானம் கடந்துவருவது இடவழி. பீளமேடும் சூலூரும் பேசிக்கொள்வது துறைவழி. பணிமுறை முடிப்பவர் அடுத்தவரிடம் நிலவரத்தை ஒப்படைப்பது காலவழி.

4. நிலைகள்

முதலாவது அறிவிப்பு: அழைப்புக்குறி, உயரம், எல்லையை எட்டும் நேரம் ஆகியவை முன்கூட்டியே சொல்லப்படும். இரண்டாவது உடன்பாடு: கேட்டவர் அவற்றைத் திருப்பிச் சொல்லி, ஏற்பார் அல்லது வேறு உயரம் கோருவார். மூன்றாவது தொடர்பு மாற்றம்: விமானி புதிய அலைவரிசைக்குச் செல்வார். நான்காவது கட்டுப்பாட்டு மாற்றம்: குறித்த இடத்தில் அல்லது நேரத்தில் பொறுப்பு மாறும். பின்னிரண்டும் ஒரே கணத்தில் நிகழ வேண்டியதில்லை. விமானியின் குரல் புதியவருக்குக் கேட்டாலும், பொறுப்பு மாறும்வரை முந்தையவர் இசைவின்றிப் புதியவர் விமானத்தின் உயரத்தையோ திசையையோ மாற்றலாகாது.

5. பிழை நேரும் காரணங்கள்

காரணங்களை மூன்றாகப் பகுக்கலாம்: திருப்பிச் சொல்லாமை, ஆள் குறைவு, தொடர்பு அறுதல். பின்னிரண்டையும் 2002 ஜூலை 1 இரவு ஜெர்மனியின் யூபர்லிங்கன் அருகே இரு விமானங்கள் வானில் மோதியதில் காண்கிறோம். அவ்வான்வெளியைக் கட்டுப்படுத்திய சூரிக் மையத்தில் ஒருவரே இரு திரைகளைக் கவனித்தார். முதன்மைத் தொலைபேசி பராமரிப்புக்காக நிறுத்தப்பட்டிருந்தது. ஆபத்தைக் கண்ட ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ மையம் அழைத்தும் இணைப்புக் கிடைக்கவில்லை. 71 பேர் இறந்தனர். விமானங்களின் மோதல் தவிர்ப்புக் கருவி ஒன்றும் கட்டுப்பாட்டாளர் வேறொன்றும் சொன்னதும் அவ்விபத்தின் காரணங்களுள் ஒன்று.

6. முடிபு

பொறுப்பை நகர்த்துவது ஏற்பவரின் இசைவே. ஆகவே நேரடித் தொலைபேசி, அதை எடுக்க இரண்டாவது ஆள், ஒப்படைப்புக்கான நிமிடங்கள் ஆகிய மூன்றும் கட்டுப்பாட்டுப் பணியின் உறுப்புகளே. பணியிடங்களைக் கணக்கிடுவோர் இறங்கும் விமானங்களோடு இந்த ஒருங்கிணைப்பு உரையாடல்களையும் எண்ண வேண்டும். இரு துறைகள் ஒரே வானைப் பகிரும் கோவை–சூலூர்ப் பகுதிக்கு இது இன்னும் பொருந்தும்.