இறையன்பும் பிறரன்பும்: விவிலியத்துக்குள் ஓர் இழுபறி

கடவுளை முழு இதயத்தோடும் பிறரைத் தன்னைப் போலவும் நேசிப்பதே தலையாய கட்டளை என்று மத்தேயு, மாற்கு நற்செய்திகள் சொல்கின்றன; லூக்காவிலும் இவ்விரண்டும் சேர்ந்தே வருகின்றன. இரண்டும் பழைய ஏற்பாட்டிலிருந்து வந்தவை. முன்னது உபாகமம் 6-ஆம் அதிகாரம்; பின்னது லேவியராகமம் 19. மாற்கில் கேள்வி கேட்ட வேதபாரகர் இயேசுவின் பதிலை மெச்சுகிறார். லூக்காவிலோ கேட்டவரே பதிலையும் சொல்லிவிட்டு, பிறன் என்பவன் யார் என்று மேலும் கிளறுகிறார். நல்ல சமாரியன் கதை பிறந்தது அந்தக் கேள்வியால்தான்.

அந்தக் கேள்வி வெறும் குதர்க்கமல்ல. லேவியராகமம் 19:18 சொந்த ஜனத்தாரைப் பற்றிப் பேசுகிறது. அதே அதிகாரத்தின் 34-ஆம் வசனம் உடன் வாழும் அந்நியரையும் அந்த அன்புக்குள் சேர்க்கிறது. உபாகமம் 13 இன்னும் கடினமான இடம். வேறு தெய்வங்களை வணங்க இரகசியமாக அழைப்பவர் சகோதரனோ மகளோ மனைவியோ உயிர்த்தோழனோ, யாரானாலும் இரங்காமல் கல்லெறிந்து கொல்ல வேண்டும் என்கிறது அது. முதலில் ஓங்க வேண்டியது அந்த அழைப்பைக் கேட்டவருடைய கை. மக்கள் முழு மனதோடு கடவுளை நேசிக்கிறார்களா என்று சோதிப்பதைப் பற்றிப் பேசுவதும் இதே அதிகாரம்தான். இறையன்பின் சொற்களும் கொலைக் கட்டளையும் சில வசன இடைவெளியில் நிற்பதை மழுப்பிவிட்டு யாரும் இந்த நூலை நேர்மையாக வாசிக்க முடியாது.

இயேசுவின் போதனையிலும் இந்த இழுபறி உண்டு. மாற்கு 7-இல் அவர் 'கொர்பான்' என்ற நேர்ச்சையைக் கண்டிக்கிறார். தாய் தகப்பனுக்குப் பயன்பட வேண்டிய பொருளைக் கடவுளுக்குக் காணிக்கை என்று ஒருவன் சொல்லிவிட்டால், அதன்பின் அவன் பெற்றோருக்கு உதவ அந்த மரபு இடம் தருவதில்லை. கடவுளுக்கான காணிக்கை மனிதக் கடமையை விழுங்கக்கூடாது என்பது இங்கே துலக்கமாகத் தெரிகிறது. லூக்கா 14:26-இலோ தகப்பனையும் தாயையும் வெறுக்காதவன் தம் சீடனாக முடியாது என்கிறார் அதே இயேசு. லூக்கா 9-இல், தகப்பனை அடக்கம்செய்துவிட்டு வருவதாகச் சொன்னவனுக்கும் அவகாசம் தரவில்லை. மத்தேயு 10:37, பெற்றோரைத் தம்மைவிட அதிகமாக நேசிக்கக்கூடாது என்று தணித்துச் சொல்கிறது. உரையாசிரியர்கள் பலரும் லூக்காவை அப்படித்தான் விளக்குகிறார்கள். அப்போதும் கொர்பானைக் கண்டித்த குரலும் இந்தக் குரலும் எளிதில் ஒத்துப்போவதில்லை.

ஏழைகளுக்கான கொடையிலும் இதே இழுபறி. பெத்தானியாவில் ஒரு பெண் இயேசுவின் தலையில் ஊற்றிய பரிமளத் தைலத்தின் மதிப்பு 300 தெனாரியத்துக்கும் மேல். மத்தேயு 20-இல் வரும் திராட்சைத் தோட்டக் கூலி ஒரு நாளைக்கு ஒரு தெனாரியம். ஆக, அது ஏறத்தாழ ஓர் ஆண்டு உழைப்பு. விற்று ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே என்று சிலர் கடிந்தபோது இயேசு அவள் பக்கம் நின்றார். மத்தேயு 25-இலோ, பசித்தவனுக்குக் கொடுத்த சோறு தமக்கே கொடுத்தது என்கிறார்.

யோவான் பெயரிலான நிருபங்களில் சிக்கல் சபைக்குள்ளேயே நுழைகிறது. கண்ட சகோதரனை நேசிக்காதவன் காணாத கடவுளை நேசிக்க முடியாது என்பது முதல் நிருபம். வேறு போதனையோடு வருபவரை வீட்டில் ஏற்கவும் வாழ்த்தவும் கூடாது என்கிறது இரண்டாவது. மூன்றாவதில், வந்த சகோதரர்களை ஏற்க மறுத்த தியோத்திரேப்பு கண்டிக்கப்படுகிறான். கதவடைப்பது ஒரு நிருபத்தில் கடமை, அடுத்ததில் குற்றம்.

ரோமர் 13-இலும் கலாத்தியர் 5-இலும் நியாயப்பிரமாணம் முழுவதையும் பிறரன்பு ஒன்றிலேயே அடக்கிவிடுகிறார் பவுல். அவ்விடங்களில் இறையன்புக் கட்டளையை அவர் எடுத்துக்காட்டுவதில்லை.

பின்வந்தவர்களில் இந்த இழுபறியை மிகக் கூர்மையாக ஆராய்ந்தவர் இறையியலாளர் அகுஸ்தீன். கிறிஸ்தவப் போதனை பற்றிய தம் நூலின் முதல் பகுதியில், மனிதரை அவர்களுக்காகவே நேசிப்பதா, வேறொன்றுக்காகவா என்று கேட்டு, கடவுளின் பொருட்டே என்று முடிக்கிறார். அந்த முடிவில் சக மனிதருக்கு என்ன இடம் மிஞ்சுகிறது? 1929-இல் வெளிவந்த தம் முனைவர் ஆய்வில் சிந்தனையாளர் ஹன்னா அரெண்ட் அகுஸ்தீனிடம் கேட்டது இதைத்தான்: கடவுளையே நாடி உலகிலிருந்து விலகி நிற்பவருக்குப் பக்கத்து மனிதர் எதனால் பொருட்டாகிறார்?