20,204-க்குப் பின்னால் ஒரு பூச்சியம்: டிரெஸ்டன் நகரின் நினைவேந்தலும் மறியலும்

ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி 13 இரவு 9.45 மணிக்கு ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத் தேவாலயங்களின் மணிகள் ஒன்றாக ஒலிக்கின்றன. 1945இல் அதே நாளில், ஏறத்தாழ அதே நேரத்தில்தான் அந்நகரில் வான்தாக்குதல் எச்சரிக்கைச் சங்கு ஊதியது. மணியோசை கேட்கும்போது மெழுகுவத்தி ஏந்தி மௌனமாக நிற்பவர்கள் சிலர். இறந்தவர்களின் பெயரால் தீப்பந்தத்துடன் அணிவகுக்க வரும் நவநாஜிகள் சிலர். அந்த அணிவகுப்பைத் தடுக்கக் குளிரில் சாலையில் அமர்ந்திருப்பவர்கள் சிலர். இம்மூவரும் பேசுவது ஒரே பிணக்குவியலைப் பற்றித்தான். அந்தப் பிணங்களை எண்ணுவதிலேயே எண்பது ஆண்டுகால அரசியல் அடங்கியிருக்கிறது என்பதைச் சொல்லவே இக்கட்டுரை.

முதலில் நடந்தது என்ன என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். பிப்ரவரி 13 இரவில் பிரிட்டிஷ் வான்படையின் சுமார் 800 விமானங்கள் மூன்று மணிநேர இடைவெளியில் இரண்டு அலைகளாக வந்து, 2,600 டன்னுக்கு மேற்பட்ட வெடிகுண்டுகளையும் தீக்குண்டுகளையும் வீசின. 14, 15 தேதிகளில் அமெரிக்க விமானங்கள் தாக்கின. பழைய நகரம் தீப்புயலாக மாறியது. நிலவறைகளில் ஒதுங்கியவர்களில் மிகப் பலர் மூச்சுத்திணறி இறந்தார்கள். சாக்சனி மாநிலத்தின் நாஜித் தலைவர் மார்ட்டின் முட்ச்மன் தனக்கு உறுதியான பதுங்குகுழி கட்டிக்கொண்டிருந்தார். நகர மக்களுக்கோ வீட்டு நிலவறைகளைத் தவிர வேறு புகலிடம் பெரிதாக இல்லை. இரண்டு இரவுகள் தாக்குப்பிடித்த ஃபிராவென்கிர்ஷெ தேவாலயத்தின் மாபெரும் கற்குவிமாடம் 15ஆம் தேதி காலையில் சரிந்தது. தொற்றுநோய்க்கு அஞ்சி, பழைய சந்தைச் சதுக்கத்தில் இரும்புத் தண்டவாளங்களை அடுக்கி அவற்றின்மேல் 6,865 உடல்களை எரித்தார்கள்.

இந்த 6,865 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1945 மார்ச் 22 தேதியிட்ட காவல்துறை ஆணை ஒன்று, அதுவரை கண்டெடுக்கப்பட்ட உடல்கள் 20,204 என்றும், இறந்தோர் தொகை 25,000 வரை செல்லக்கூடும் என்றும் பதிவுசெய்தது. ஆனால் வெளியே உலவிய பிரதியில் இருந்த எண் 202,040. எதிர்பார்க்கப்படும் தொகை 250,000. சந்தைச் சதுக்கத்தில் எரிக்கப்பட்ட 6,865 பேர் 68,650 பேராக ஆகியிருந்தார்கள். ஒவ்வோர் எண்ணுக்குப் பின்னாலும் ஒரு பூச்சியம் சேர்ந்திருந்தது, அவ்வளவுதான். கோயபல்ஸின் பரப்புரை அமைச்சகம் ஏற்கெனவே இரண்டு லட்சம் என்ற எண்ணை நடுநிலை நாடுகளின் செய்தித்தாள்களுக்குக் கசியவிட்டிருந்தது. போரில் தோற்றுக்கொண்டிருந்த ஓர் ஆட்சிக்குக் கடைசி ஆயுதமாகக் கைக்குக் கிடைத்தவர்கள் அந்நகரில் இறந்தவர்கள்.

அந்த ஆட்சி மே மாதத்தில் வீழ்ந்தது. பூச்சியம் வீழவில்லை. 1963இல் பிரிட்டிஷ் எழுத்தாளர் டேவிட் இர்விங் டிரெஸ்டனின் அழிவைப் பற்றி எழுதிய நூலில் 135,000 பேர் இறந்ததாகக் கூறினார். அந்நகரில் போர்க்கைதியாக இருந்து, இறைச்சிக்கூடத்தின் நிலவறையில் உயிர்தப்பிய அமெரிக்க நாவலாசிரியர் கர்ட் வானகட், தம் புகழ்பெற்ற நாவலில் அதே எண்ணை எடுத்தாண்டார். போருக்கு எதிரான ஒரு பெரும் படைப்பின் வழியே அந்தத் தவறான எண் உலகெங்கும் போய்ச் சேர்ந்தது. இதற்கிடையே காவல்துறையின் உண்மையான இறுதி அறிக்கை வெளிப்பட்டது. 1966இல் இர்விங்கே லண்டன் 'டைம்ஸ்' நாளிதழுக்குக் கடிதம் எழுதித் திருத்தம் வெளியிட்டார். ஆயினும் பின்னாளில் மிகையான எண்களை நோக்கியே அவர் திரும்பினார். ஹோலோகாஸ்ட் மறுப்பாளர் என்று தம்மைக் கூறிய வரலாற்றாசிரியர் டெபோரா லிப்ஸ்டாட் மீது அவர் தொடுத்த வழக்கில், 2000ஆம் ஆண்டு லண்டன் நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தபோது, டிரெஸ்டன் எண்களை அவர் கையாண்ட விதமும் அவருக்கு எதிரான சான்றுகளில் ஒன்றாக இருந்தது.

ஒரே கை ஓரிடத்தில் பூச்சியத்தைக் கூட்டுகிறது, இன்னோரிடத்தில் கழிக்கிறது. டிரெஸ்டனில் இறந்தோரைப் பெருக்குவதும் ஆஷ்விட்ஸில் இறந்தோரைச் சுருக்குவதும் ஒரே கணக்கின் இரண்டு பக்கங்கள். தராசின் இரண்டு தட்டுகளும் சமமாகிவிட்டால் குற்றவாளி என்று ஒருவரும் இருக்கமாட்டார் என்பதே அந்தக் கணக்கின் நோக்கம்.

கிழக்கு ஜெர்மனியின் பங்கையும் இங்கே சொல்லியாக வேண்டும். அந்த அரசு 35,000 என்ற எண்ணையே பயன்படுத்திவந்தது. மிகைப்படுத்தலில் அது இறங்கவில்லை. ஆனால் பனிப்போர்க் காலத்தில் இக்குண்டுவீச்சை ஆங்கில-அமெரிக்க ஏகாதிபத்தியத்தின் பயங்கரம் என்று வருணித்தபோது, நாஜிகள் புழங்கிய சொற்களில் சில புது வேடத்தில் தொடர்ந்தன. நகரின் ஹைடெ கல்லறைத் தோட்டத்தில் வட்டமாக நிறுவப்பட்ட பதினான்கு கல்தூண்களில் ஏழு, ஆஷ்விட்ஸ், புகன்வால்ட் முதலிய முகாம்களின் பெயர்களைத் தாங்குகின்றன. மற்ற ஏழு, கவன்ட்ரி, லெனின்கிராட், வார்சா, ராட்டர்டாம் முதலிய ஊர்களின் பெயர்களை. அவ்வூர்களின் வரிசையில் டிரெஸ்டனும் நிற்கிறது. துயரத்தில் எல்லோரையும் ஒன்றாக நிறுத்தும் நல்ல நோக்கம் அதில் உண்டு. அதே வேளையில், கவன்ட்ரியை எரித்தவர் யார், டிரெஸ்டனை எரித்தவர் யார், எது முன்னால் எது பின்னால் என்ற கேள்விகள் அந்த வட்டத்தில் கரைந்துபோகின்றன.

1982 பிப்ரவரி 13 அன்று, அரசு விழாக்களுக்கு வெளியே, இளைஞர்கள் சிலர் விடுத்த துண்டறிக்கை அழைப்பின் பேரில் ஆயிரக்கணக்கானோர் கூடினார்கள். குரோய்ஸ்கிர்ஷெ தேவாலயத்தில் நடந்த கூட்டத்திற்குப் பின் ஃபிராவென்கிர்ஷெ இடிபாடுகளில் மெழுகுவத்தி ஏற்றினார்கள். அவர்களுடைய கோரிக்கை நிகழ்காலத்தைப் பற்றியது: இரு தரப்பும் அணு ஆயுதங்களைக் குவிப்பதை நிறுத்த வேண்டும். இறந்தோரை நினைப்பது உயிரோடிருப்போரைக் காப்பதற்காக என்ற எண்ணம் அங்கே முளைத்தது. டிரெஸ்டன் மெழுகுவத்தியின் மரபு அதுதான்.

ஜெர்மனிகள் இணைந்த பின் அந்த மெழுகுவத்தியின் அருகே தீப்பந்தங்களும் வந்தன. 1990களின் இறுதியிலிருந்து நவநாஜிகள் இந்நாளில் 'துக்க ஊர்வலம்' நடத்தத் தொடங்கினார்கள். கறுப்பு உடை, மௌனம், செவ்வியல் இசை என்று அதன் வடிவமே இறுதிச்சடங்கைப் போன்றது. 2004இல் என்.பி.டி. என்ற தீவிர வலதுசாரிக் கட்சி 9.2 விழுக்காடு வாக்குகளுடன் சாக்சனி சட்டமன்றத்தில் நுழைந்தது. 2005 ஜனவரியில் நாஜிகளால் கொல்லப்பட்டோருக்கான மௌன அஞ்சலியைப் புறக்கணித்து வெளியேறிய அக்கட்சியினர், டிரெஸ்டனில் நடந்ததைக் 'குண்டுகளின் ஹோலோகாஸ்ட்' என்று அவையிலேயே வருணித்தார்கள். அடுத்த மாதம் நடந்த ஊர்வலத்தில் ஆறாயிரத்துக்கு மேற்பட்டோர் திரண்டார்கள். அது ஐரோப்பாவின் மிகப்பெரிய நவநாஜி ஒன்றுகூடல்களில் ஒன்றாக ஆனது.

இதற்கு இரண்டு இடங்களிலிருந்து விடை வந்தது. ஒன்று ஆவணக்காப்பகம், மற்றொன்று தெரு.

டிரெஸ்டன் மாநகராட்சி 2004இல் ரோல்ஃப்-டீட்டர் முல்லர் தலைமையில் வரலாற்றாய்வாளர் குழு ஒன்றை அமைத்தது. கல்லறைப் பதிவேடுகள், இறப்புச் சான்றுகள், அகதிகள் பற்றிய ஆவணங்கள், சாட்சியங்கள் என அனைத்தையும் அது ஒப்பிட்டது. 'பல்லாயிரம் பேர் தடயமே இல்லாமல் சாம்பலாகிவிட்டார்கள், அதனால்தான் கணக்கில் வரவில்லை' என்ற வாதத்தைச் சோதிக்க, அகழாய்வில் வெளிப்பட்ட நிலவறைகளில் தீயின் வெப்பம் எவ்வளவு இருந்திருக்கும் என்பதையும் ஆராய்ந்தது. தப்பியோடியவர்களை விமானங்கள் தாழப் பறந்து சுட்டன என்ற கதைக்குச் சான்று தேடி எல்பெ ஆற்றங்கரைப் புல்வெளிகளில் தோட்டாக்களைத் துழாவினார்கள். கதையை உறுதிப்படுத்தும் எதுவும் கிடைக்கவில்லை. 2010இல் வந்த இறுதி அறிக்கையின்படி இறந்தோர் அதிகபட்சம் 25,000. அறுபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் ஒரு காவல்துறை எழுத்தர் எழுதிவைத்த அதே எண்.

அதே 2010 பிப்ரவரியில், 'நாஜிகளற்ற டிரெஸ்டன்' என்ற பெயரில் தொழிற்சங்கத்தினர், இடதுசாரிகள், தேவாலயக் குழுக்கள், மாணவர்கள் இணைந்த கூட்டணி வெளிப்படையாக மறியலுக்கு அழைப்பு விடுத்தது. அனுமதி பெற்ற ஊர்வலத்தைத் தடுப்பது ஜெர்மன் சட்டப்படி குற்றம். அழைப்புச் சுவரொட்டிகளைப் பறிமுதல் செய்யக் காவல்துறை அலுவலகங்களைச் சோதனையிட்டது. ஆயினும் அன்று பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் நோய்ஷ்டாட் ரயில்நிலையத்தைச் சுற்றிய சாலைகளில் அமர்ந்தார்கள். நவநாஜிகளால் நிலையத்தின் முன்பிருந்து நகர முடியவில்லை. 1942 ஜனவரியில் டிரெஸ்டன் யூதர்களை ரீகாவுக்கு நாடுகடத்தும் ரயில் புறப்பட்டதும் அதே நிலையத்திலிருந்துதான்.

அதே நேரத்தில் ஆற்றின் மறுகரையில், மேயர் ஹெல்மா ஓரோஸின் அழைப்பின்பேரில் இன்னொரு பத்தாயிரம் பேர் பழைய நகரைச் சுற்றிக் கைகோத்து மனிதச் சங்கிலி அமைத்தார்கள். மறுநாள் நகரின் பெருமையாகப் பேசப்பட்டது அந்தச் சங்கிலி. ஊர்வலத்தை உண்மையில் நிறுத்தியவர்களோ வழக்குகளைச் சந்தித்தார்கள். 2011இல் மறியல் இன்னும் பெரிதானபோது, போராட்டப் பகுதியில் இருந்தோரின் லட்சக்கணக்கான கைபேசித் தொடர்பு விவரங்களைக் காவல்துறை திரட்டியது; அது சட்டத்துக்குப் புறம்பானது என்று பின்னர் நீதிமன்றம் கூறியது. ஒரு குடியரசு தன் எதிரிகளின் பேரணியுரிமையையும் காத்து, அவர்களை மறித்தவர்களையும் விசாரித்தது. இந்த முரணை எளிதில் தீர்த்துவிட முடியாது. பேரணியுரிமை எல்லோருக்கும் பொது என்ற வாதம் பொய்யானதல்ல. ஆனால் அந்த ஊர்வலங்கள் சில ஆண்டுகளில் சில நூறு பேராகச் சுருங்கியதற்குக் காரணம், தண்டனையை ஏற்கத் துணிந்து சாலையில் அமர்ந்தவர்கள் என்பதும் உண்மை.

பாசிச எதிர்ப்பாளர்களுக்குள்ளும் ஒரு பிளவு இருந்தது. ஒரு சிறு பிரிவினர், குண்டுவீச்சுக்குத் தலைமையேற்ற ஆர்தர் ஹாரிஸைப் புகழ்ந்து, மீண்டும் வருக என்று முழங்கினார்கள். குற்றவாளிகளுக்குக் கண்ணீர் கிடையாது என்றார்கள். ஜெர்மன் தற்பரிதாபத்தின் மீதான அவர்களின் கோபம் புரிந்துகொள்ளத்தக்கது. ஆனால் நிலவறையில் மூச்சுத்திணறிய குழந்தையைக் குற்றவாளி என்பதும் ஒருவகையில் பூச்சியத்தைக் கழிக்கும் வேலைதான். போர் நடந்துகொண்டிருந்தபோதே, 1944 பிப்ரவரியில், பிரிட்டிஷ் பிரபுக்கள் அவையில் ஆயர் ஜார்ஜ் பெல் நகரங்களின்மீதான குண்டுவீச்சைக் கண்டித்துப் பேசினார். நாஜிகளின் தீவிர எதிரி அவர். இரண்டையும் ஒருசேரச் சொல்ல முடியும் என்பதற்கு அவரே சான்று.

அந்த ஓர் இரவுக்கு ஒரே பொருள் இல்லை என்பதை விக்டர் கிளெம்பரரின் நாட்குறிப்பைவிடத் தெளிவாகச் சொல்வது வேறெதுவும் இல்லை. யூதரான அந்த மொழியியல் பேராசிரியர், யூதரல்லாத மனைவி ஏவாவால் மட்டுமே அதுவரை நாடுகடத்தலிலிருந்து தப்பியிருந்தார். பிப்ரவரி 13 பகலில் அவருக்குத் தரப்பட்ட வேலை, எஞ்சியிருந்த யூதர்களின் வீடு வீடாகச் சென்று, மூன்று நாள்களில் 'வேலைக்கு' ஆஜராக வேண்டும் என்ற அறிவிப்பைக் கொடுப்பது. அது என்ன வேலை என்பது எல்லோருக்கும் தெரியும். 1933இல் சுமார் ஐயாயிரமாக இருந்த சமூகத்தில் அப்போது எஞ்சியவர்கள் இருநூறு பேர் அளவே. அன்றிரவு குண்டு விழுந்தது. எரியும் நகரில் கிளெம்பரரின் மேலங்கியிலிருந்து மஞ்சள் நட்சத்திரம் அகற்றப்பட்டது; பெயரற்ற அகதிகளோடு அகதியாக இருவரும் தப்பினார்கள். அதே தீயில் யூதர்களும் இறந்தார்கள், கட்டாய உழைப்பாளிகளும் இறந்தார்கள்.

கிளெம்பரர் அந்த இரவைக் கொண்டாடவில்லை. தம் நகரம் எரிந்ததைக் கூர்மையாகப் பதிவுசெய்தார். ஆனால் அந்தத் தீ அவர் உயிரைக் காத்தது. நவநாஜி ஊர்வலத்தின் 'நம் இறந்தோர்' என்ற சொல்லில் அவருக்கு இடமில்லை.

மறியல் கூட்டணி பின்னர் 'குற்றவாளிகளின் தடங்கள்' என்ற நடைப்பயணத்தையும் பிப்ரவரி 13இல் நடத்தியது. நாஜி அலுவலகங்கள், கட்டாய உழைப்பு நடந்த இடங்கள் என்று நகரத்தையே ஆவணமாக வாசிக்கும் பயணம் அது. போருக்கான கருவிகளைச் செய்த ட்ஸைஸ் ஐகான் ஆலையில் யூதர்கள் கட்டாய வேலை செய்ததும், அவர்கள் அடைக்கப்பட்ட ஹெல்லர்பெர்க் முகாம் 1943 மார்ச்சில் காலிசெய்யப்பட்டு ஆஷ்விட்ஸுக்கு அனுப்பப்பட்டதும் அவ்வூர்க் கதையின் பகுதிகளே. 2017இல் சிரிய-ஜெர்மன் கலைஞர் மனாஃப் ஹல்பூனி, ஃபிராவென்கிர்ஷெ முன் மூன்று பேருந்துகளைச் செங்குத்தாக நிறுத்தி, அலெப்போ மக்கள் எழுப்பிய தடுப்பை நினைவூட்டினார். வலதுசாரிகள் கூச்சலிட்டு எதிர்த்தார்கள். தங்கள் துயரத்துக்கு வேறொருவர் துயரம் அருகே நிற்பதை அவர்களால் பொறுக்க முடியவில்லை.

பூச்சியத்தைச் சேர்ப்பவர் இறந்தவர்களை மதிப்பதாகவே தோன்றும். ஆனால் 202,040 பேருக்குப் பெயர்களே கிடையாது, அவர்களில் பெரும்பாலோர் பிறக்கவே இல்லை. 25,000 பேருக்கோ பெயருண்டு, தெருவுண்டு, கல்லறைப் பதிவேட்டில் வரியுண்டு. அந்த ஆய்வாளர்கள் ஆறாண்டுகள் அமர்ந்து அவர்களைச் சரியாக எண்ணியதும், பனியில் ஆயிரக்கணக்கானோர் அமர்ந்து அவர்களைத் தீப்பந்தங்களிடமிருந்து காத்ததும் ஒரே பணி என்றே நான் கருதுகிறேன். இறந்தவர்களுக்கு நாம் செலுத்தும் முதல் மரியாதை, அவர்களைச் சரியாக எண்ணுவது.