ஓர் இலைப்பூச்சியின் பூர்வீகம்

மத்திய ஐரோப்பிய நகரங்களின் வீதிகளுக்கும் பூங்காக்களுக்கும் நிழல் தந்து நிற்கும் ஹார்ஸ் செஸ்ட்நட் விருட்சம், பால்கன் மலைப்பிரதேசத்தைச் சொந்த மண்ணாகக் கொண்டு, 16-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துருக்கிய சாம்ராஜ்யத்தின் வழியாக வியன்னா வந்து சேர்ந்தது. ஏறக்குறைய நானூறு ஆண்டுகள் அது சுகமாக வாழ்ந்தபின், 1984-இல் மாசிடோனியாவின் ஓஹ்ரிட் ஏரிப் பக்கத்தில் அதன் இலைக்குள் குடியிருக்கும் ஓர் அந்துப்பூச்சி அறிஞர் கண்ணில் பட்டது. 1986-இல் டெஷ்கா, டிமிச் என்னும் இருவர் அதற்குக் கேமராரியா ஓஹ்ரிடெல்லா என்று நாமகரணம் செய்தனர். 1989-இல் ஆஸ்திரியாவில் தென்பட்ட அது, 2002-இல் லண்டனின் விம்பிள்டனையும் எட்டிவிட்டது.

நெல்மணியினும் சிறிய அப்பூச்சியின் செம்பழுப்பு முன்சிறகுகளில், கருமை ஓரமிட்ட வெண்கோடுகள் குறுக்கே ஓடும். எனினும் பூச்சியைத் தேடி அலைவதைவிட இலையைப் பார்ப்பதே உசிதம். மேல்தோலுக்கு அடியில் புழு அரித்த இடம் நரம்புகளுக்கு இடையே பழுப்புத் திட்டாகப் படரும். அதை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் புழுவோ அதன் எச்சமோ உள்ளே நிழலாடும். பூஞ்சண நோயின் திட்டும் பழுப்புத்தான். ஆனால் அதற்கு மஞ்சள் விளிம்பு உண்டு, உட்குடைவு இராது. கூட்டுப்புழு உதிர்ந்த சருகுக்குள்ளேயே பனிக்காலத்தைக் கழிப்பதால், சருகைக் கூட்டி அகற்றுவதே இன்றளவும் எளிய பரிகாரம்.

இப்பூச்சி எங்கிருந்து வந்தது என்பதில் நெடுங்காலம் விவாதம் நிகழ்ந்தது. வேறு கண்டத்திலிருந்து வந்திருக்கலாம் என்று கருதியவர்களும் இருந்தனர். அந்த விவாதத்துக்கு விடை கிடைத்த இடம், செடிகளை உலர்த்திக் காகிதத்தில் ஒட்டிப் பாதுகாக்கும் ஹெர்பேரியம் என்பது எனக்குப் பெரும் ஆனந்தம் தருவது. ஏதென்ஸில் வாழ்ந்த தாவர சாஸ்திரி தியடோர் ஃபான் ஹெல்ட்ரைக் 1879-இல் கிரேக்க நாட்டில் பறித்து அழுத்தி வைத்த இலைகளுக்குள், அவர் அறியாமலே சேர்ந்துவிட்ட புழுக்கள் கிடந்தன. அவற்றின் மரபணுவைப் பிரித்து ஆராய்ந்து, டேவிட் லீஸ், வால்டர் லாக் முதலியோர் 2011-இல் முடிவை வெளியிட்டனர். ஓஹ்ரிட்டில் எவரும் காண்பதற்கு 105 ஆண்டுகள் முன்பே அது பால்கன் பிரதேசத்தில், தன் விருட்சத்தோடு கூடவே வாழ்ந்திருக்கிறது.

மாசற்ற இலையையே தேர்ந்து ஒட்டுவது சேகரிப்போரின் சுபாவம். ஹெல்ட்ரைக்கும் அவ்வாறே செய்திருந்தால் இந்தச் சாட்சியம் அழிந்திருக்கும். ஆதலால் தாவரம் சேகரிக்கும் இளைஞர்கள், புழு அரித்த இலை ஒன்றையும் அவசியம் சேர்த்து, இடமும் தேதியும் எழுதி வைக்கவேண்டும்.